கண்ணாடிக்குள் பனி, கதவடியில் மழைத்தண்ணீர்: உத்தரவாதம் தந்தவர் கைவிரித்தால்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பல்லாவரத்தில் சொந்த அடுக்குமாடி வீடு. விமானச் சத்தம் தாங்க முடியாமல், இரண்டு ஆண்டு நான்கு மாதங்களுக்கு முன், மாசியில், ஆறு ஜன்னல்களையும் பால்கனியின் ஸ்லைடிங் கதவையும் இரட்டைக் கண்ணாடி வைத்த யுபிவிசியாக (கடினப் பிளாஸ்டிக் பிரேம்) மாற்றினேன். மொத்தம் 3,60,000 ரூபாய், 3,25,000 கொடுத்துவிட்டேன். முதல் ஐப்பசி மழையிலேயே பால்கனிக் கதவின் அடியில் தண்ணீர் உள்ளே வந்தது. சென்ற ஆண்டு ஐப்பசியில் படுக்கையறை ஜன்னலில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பனி படிந்தது. இப்போது மூன்று ஜன்னல்களில் அப்படி இருக்கிறது. கேட்டால் முதலில் "ஏசி போடுவதால் வருகிறது" என்றார்கள். பிறகு "கண்ணாடி எங்கள் தயாரிப்பு இல்லை" என்றார்கள். இப்போது "பத்து ஆண்டு உத்தரவாதம் பிரேமுக்குத்தான், கண்ணாடிக்கு ஓராண்டுதான், பாக்கியைக் கட்டினால் ஆள் அனுப்புகிறோம்" என்கிறார்கள். ரசீதின் அடியில் 'வழக்குகள் கோவை நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டவை' என்று அச்சிட்டிருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் நாட்களை எண்ணிவிடுவோம். எனக்குக் கவலை தருவது அதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். பொருத்திய நாளிலிருந்தே எண்ண வேண்டும், கெடு முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். அது நிற்காது. பொருத்திய அன்று கண்ணால் காண முடியாத குறை பிற்பாடு வெளிப்பட்டால், வெளிப்பட்ட நாள்தான் கணக்கு. பனிக்கு அந்த நாள் சென்ற ஐப்பசி, அவகாசம் இருக்கிறது. கதவடித் தண்ணீரோ அதற்கு முந்தைய ஐப்பசியில் வந்தது. இருபது மாதம் போய்விட்டது, மீதி நான்கே மாதம். அடுத்த ஐப்பசி பிறப்பதற்குள் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பதிவாகிவிட வேண்டும்.

"ஆள் அனுப்புகிறோம்", "அடுத்த வாரம் பார்க்கிறோம்" என்று அவர்கள் பதில் போட்டுக்கொண்டே இருப்பதால் கெடு நீளாது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அது ஆணையம் மனம் வைத்தால் கிடைப்பது, நீங்கள் உரிமையோடு கேட்டு வாங்குவது அல்ல. நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரரின் மரியாதையான பேச்சை நம்பிக் காலத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இனிக் குறைக்கு வருவோம். ஏசி அறையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல் பனியாகப் படிவது இயல்பு, அது பழுதல்ல. உங்கள் வீட்டில் இருப்பது அதுவா என்று அறிய ஓர் உலர்ந்த துணி போதும். அறைப் பக்கம் துடையுங்கள், பிறகு எட்டும் ஜன்னலில் வெளிப்பக்கமும் துடையுங்கள். பனி மறைந்தால் புகாருக்கு இடமில்லை. இரு பக்கம் துடைத்தும் அப்படியே இருந்தால் ஈரம் நடுவில் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை ஓடும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிறு மணிகள் இருக்கும். வெளிக்காற்று புகாதபடி ஓரத்தை அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு விட்டுப்போனால் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது, மணிகள் நிரம்பிவிடுகின்றன, பனி படிகிறது. ஏசி வெளிப்பக்கத்தை வியர்க்க வைக்கலாம். நல்ல அடைப்புள்ள கண்ணாடியின் நடுவே ஈரத்தைக் கொண்டுபோக ஏசியால் முடியாது. அவர்களின் முதல் சாக்கு இந்தத் துணியோடு முடிந்தது.

பொதுவாக இதற்குப் பிரேமை மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். முழு ஜன்னலையும் மாற்றச் சொல்லிப் புதிதாகப் பணம் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டை போட்டுப் பனியை வெளியேற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கண்ணாடியைத் தொட விடாதீர்கள். ஓட்டை விழுந்த மறுநாளே, "வாடிக்கையாளர்தான் கெடுத்தார்" என்ற வாதத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்தவர் ஆவீர்கள்.

கதவை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடி டிராக்கில் உள்ள மண்ணையும் முடியையும் சுத்தமாக எடுத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பிரேமின் வெளிமுகத்தில் சிறு துளைகள் இருக்க வேண்டும். தண்ணீர் அவற்றின் வழியே பால்கனிப் பக்கம் வடிய வேண்டும். பொருத்துபவர்கள் அவசரத்தில் அந்தத் துளைகளைச் சிலிக்கானால் மூடிவிடுவதும், துளையே போடாமல் விடுவதும் உண்டு. தண்ணீர் டிராக்கிலேயே தேங்கி அறைக்குள் வழிந்தால் அது பொருத்திய வேலையின் குறை. துளை இல்லாத பிரேமில் தேங்கும் தண்ணீர் கண்ணாடியின் ஓர அடைப்பையும் நாளடைவில் கெடுக்கும். ஆகவே ஜன்னல்களின் அடியிலும் துளைகளைத் தேடிப் பாருங்கள்; உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். கதவு இழுக்கக் கனமாக இருந்தால், அடி உருளையை ஏற்றி இறக்கும் திருகு பல கதவுகளில் ஓரத்தில் இருக்கும். அதை இப்போது திருக வேண்டாம். இன்றிருக்கும் நிலைதான் உங்கள் சாட்சி.

இவை அனைத்தையும் பேரனையோ பேத்தியையோ வைத்து வீடியோ எடுங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தாளில் எண் எழுதி ஒட்டுங்கள். அன்றைய நாளிதழைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, துணியால் துடைப்பதும் பனி போகாததும் தெரியும்படி எடுங்கள். கண்ணாடி மூலையிலோ நடுப்பட்டையிலோ தயாரிப்பாளரின் பெயரும் தேதியும் பொறித்திருந்தால் அதையும் நெருங்கி எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டுத் தாள், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். குறையை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையது. ஆகவே தொடர்பில்லாத ஒரு சிவில் பொறியாளரை வரவழைத்து எழுத்து அறிக்கையும் பிரமாணப் பத்திரமும் வாங்கிவிடுங்கள். அந்தச் செலவையும் வழக்கில் கேட்கலாம்.

மற்ற சாக்குகளைப் பார்ப்போம். கண்ணாடியை வேறு ஆலை செய்திருக்கலாம். ஆனால் உங்களிடம் விலை பேசிப் பணம் வாங்கியவர் இவர். ஆலையின் பெயர் கிடைத்தால் அதை இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். யார் எவ்வளவு பொறுப்பு என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. உத்தரவாதத்தைப் பொறுத்தவரை மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் '10 ஆண்டு உத்தரவாதம்' என்று மட்டும் இருந்து, பிரேம், கண்ணாடி என்ற பிரிவினை இல்லையென்றால், இப்போது வாயால் சொல்லும் பிரிவினைக்கு மதிப்பில்லை. எழுத்தில் தெளிவின்மை இருந்தால் அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்வது நிலைபெற்ற விதி. அந்தத் தாளில் 'கண்ணாடிக்கு 1 ஆண்டு' என்று உண்மையாகவே இருந்தாலும் துவண்டுவிடாதீர்கள். இரண்டே மழைக்காலத்தில் ஓர அடைப்பு விட்டுப்போன பொருள் தரமான பொருள் அல்ல. சட்டத்தின் 2(10)-ஆவது பிரிவில் 'குறைபாடு' என்ற சொல் இதையும் தழுவும்.

பாக்கி 35,000 ரூபாய் உங்களைத் தடுக்காது. விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியைக் கொடுப்பதாகச் சொன்னவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பொருள் குறையுள்ளதாக இருந்தால் அந்த அளவுக்கு விலையைக் குறைக்கச் சொல்லி வாதிட 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் வெறுமனே கொடுக்காமல் இருக்காதீர்கள். "மூன்று கண்ணாடிகளையும் கதவையும் சரிசெய்த அன்றே கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதித் தெரிவியுங்கள். ஏமாற்ற நினைப்பவர் அப்படி எழுத மாட்டார்.

கோவைக்கு நீங்கள் அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. ரசீதில் அச்சிட்ட வரியால் அந்த உரிமை போகாது. கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமும் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ருதி தளம் வழியாகவும் பதியலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை.

இன்றே செய்ய வேண்டியது ஓர் எழுத்து அறிவிப்பு. குறைகளை ஜன்னல் எண்ணோடு எழுதுங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதியுங்கள். சில கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வந்துவிடும். பதினாறாம் நாள் பதில் இல்லையென்றால் தாமதிக்காமல் ஆணையத்துக்குப் போங்கள். கண்ணாடிகளை மாற்றித் தரவும், கதவைச் சரிசெய்யவும், இல்லையேல் அவற்றின் விலையை வட்டியோடு திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் செலவுத்தொகையும் கேளுங்கள். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது, மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

உங்களைப் போன்ற வாசகர்கள் சிலர் வீடு வாங்கும்போதே கட்டுமான நிறுவனம் பொருத்திய ஜன்னல்களோடு அவதிப்படலாம். அவர்களுக்கு வேறு வழி உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-இன்படி, வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத் தரத்தில் குறை காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தருவது கட்டுமான நிறுவனத்தின் கடமை.

அறிவிப்பு கிடைத்ததும் ஆள் வந்துவிட்டால், நல்லது, வேலையைச் செய்யட்டும். கழற்றிய பழைய கண்ணாடிகளை மட்டும் வண்டியில் ஏற்ற விடாதீர்கள். அடுத்த மழை முடியும்வரை பால்கனி மூலையில் போர்வை சுற்றி வைத்திருங்கள். புதிய கண்ணாடிக்கு எந்தத் தேதியிலிருந்து எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கையெழுத்தோடு எழுதி வாங்கிய பிறகு அந்த 35,000 ரூபாயைக் கொடுங்கள்.