படிக்கத் தெரிந்தவர்கள்கூட மாத்திரையை ஏன் மாற்றிச் சாப்பிடுகிறார்கள்?

என் அம்மாவுக்கே இது நடந்திருக்கிறது. தினமும் பேப்பரை வரி விடாமல் படிப்பவர் அவர்.

முடக்குவாதத்துக்கு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. மற்ற நாட்களுக்கு ஃபோலிக் ஆசிட். மருந்துக்கடையில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் போட்ட சின்னக் கவர் தருவார்களே, அதில்தான் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு கவரிலும் இரவுக் கட்டத்தில் 1. மெத்தோட்ரெக்சேட் கவரின் ஓரத்தில் மட்டும் ஆங்கிலத்தில் ‘வீக்லி’ என்று ஒரு கிறுக்கல்.

அம்மா கட்டத்தைத்தான் பார்த்தார். தினமும் இரவு ஒன்று. நான்காம் நாள் நான் ஊருக்குப் போய், அட்டையில் காலியான குழிகளை எண்ணியபோதுதான் விஷயம் புரிந்தது. அப்படியே டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மருந்தைத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது குறையும், உயிரே போகலாம்.

அம்மா எதையும் தப்பாகப் படிக்கவில்லை. அந்தக் கவரில் வேளைக்கு இடம் இருக்கிறது, கிழமைக்கு இடமே இல்லை.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘இரண்டு மாத்திரை, தினம் இரு வேளை’ என்ற லேபிளைப் படிப்பறிவு குறைந்த நோயாளிகளிடம் காட்டினார்கள். 100க்குச் சுமார் 71 பேர் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது, சுமார் 35 பேர்தான் நான்கு என்று காட்டினார்கள். சரியாகச் சொன்னவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. ‘காலையில் 2, இரவில் 2’ என்று எழுதியிருந்தால் அந்தக் கணக்குக்கே வேலை இல்லை.

மெத்தோட்ரெக்சேட் விஷயத்தில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல், எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டில் முழுதாக எழுதும்படி அறிவுறுத்தியது. நம் கடைகளிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். “இன்னைக்கு எதெது சாப்பிடணும், எடுத்துக் காட்டுங்க” என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் ஞாயிறு சிவப்பு எழுத்தில் இருக்கும். அம்மா இப்போது அந்தக் கவரிலும் சிவப்புப் பேனாவால் ‘ஞாயிறு ராத்திரி மட்டும்’ என்று தானே எழுதிக்கொள்கிறார்.