மருத்துவப் பீடம் கிடைக்காவிட்டால் மூளையை ஆராய முடியாதா?

கேள்வி: என் தங்கச்சி ஹட்டனில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறாள். நாம் பார்ப்பதை மூளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஆராயும் விஞ்ஞானி ஆகவேண்டுமாம். அதற்கு மருத்துவப் பீடம் கிடைத்தே ஆகவேண்டுமா? அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். வெளிநாட்டுச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பதில்: கட்டாயமில்லை. இந்தத் துறைக்காக 1981இல் நோபல் பரிசு வாங்கிய ஹியூபெல், வீசல் இருவரும் மருத்துவம் படித்தவர்கள்தான். ஆனால் இன்று இதே வேலையில் பௌதிகவியல், உளவியல், கணினி படித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

அந்த வேலை என்ன என்பதைத் தங்கச்சி முதலில் தெரிந்துகொள்ளட்டும். செடி முழுக்கப் பச்சையாக இருந்தும் அம்மாவின் கண் கொழுந்தை மட்டும் சட்டென்று பிடித்துவிடுகிறது இல்லையா? கண்ணுக்குள் போவது வெறும் ஒளிதான். பிடரிப் பக்கத்து மூளையில் சில கலங்கள் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கு மட்டுமே விழித்துக்கொள்ளும். இது பிடிபட்டது தற்செயலாக. ஹியூபெலும் வீசலும் பூனைக்குப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்; கலம் கண்டுகொள்ளவே இல்லை. புள்ளி இருந்த கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்ததும், கலத்தின் மின் துடிப்பைக் கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கியில் படபடவென்று சத்தம்! 1959இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வெறும் கோடுகளிலிருந்து 'இது கொழுந்து' என்ற முடிவுக்கு மூளை எப்படி வருகிறது என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு.

இப்போது இந்த வேலையில் பெரும்பகுதி, மூளைக் கலங்களிலிருந்து எடுத்த பதிவுகளைக் கணினியில் அலசுவது. அதனால் எனக்குக் கவலை கணிதத்தைப் பற்றித்தான். உயிரியல் பிரிவில் இணைந்த கணிதம் கிடையாதே. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வீட்டில் இருக்கும் காலத்தில் பைதன் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளிவிபரவியலும் படிக்கட்டும். சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் சின்னச் சின்னப் பார்வைச் சோதனைகளைத் தானே அமைத்துப் பார்க்கலாம்.

பட்டத்துக்குப் பேராதனை விஞ்ஞான பீடம் நல்ல இடம். மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் நான்கு வருடப் பட்டமாகவே முடிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க அது உதவும்.

செலவு விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் நரம்பியல் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குத் தேர்வானால் பொதுவாகக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, மாத உதவித்தொகையும் தரும். போட்டி மட்டும் கடுமை. முடிக்க ஐந்தாறு வருடம் பிடிக்கும். அப்புறமும் சில வருடம் ஒப்பந்த வேலைதான். பட்டம் முடிந்த கையோடு அவளுடைய சம்பளத்தை வீடு எதிர்பார்க்கிறதென்றால், இதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மருத்துவம் கிடைத்தால் விடவேண்டாம், அங்கிருந்தும் ஆய்வுக்கு வரலாம். இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்துக்குக் கீழே விஞ்ஞான பீடத் தெரிவுகளையும் போடச் சொல்லுங்கள்.