தலையில் அடிபட்ட குழந்தை நன்றாகப் பேசுகிறது, டெஸ்டும் நார்மல். மறுபடி பரிசோதிக்க வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். பையனுக்கு ஏழு வயது, பைக்கிலிருந்து விழுந்து ஐந்து மாதம், ஐ.க்யூ. நார்மல், ஆனால் டீச்சர் மட்டும் "எதையும் முடிக்க மாட்டேங்கிறான்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சுப் பயிற்சியாளரான நான் டீச்சர் சொல்வதைத்தான் முதலில் நம்புவேன்.

ஐ.க்யூ. டெஸ்ட்டில் பல கேள்விகள் விபத்துக்கு முன்பே கற்று வைத்ததைக் கேட்பவை. சொல்லுக்குப் பொருள், பொது அறிவு எல்லாம் பெரும்பாலும் தப்பிவிடும். வேகம், கவனம், புதிதாகக் கற்றதை மனதில் நிறுத்துவது, இவைதான் அடி வாங்கும். அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்கும்போது இது எளிதில் பிடிபடாது. சத்தமான வகுப்பறையில் தெரிந்துவிடும்.

மொழியும் அப்படித்தான். தலையில் அடிபட்டும் படங்களுக்குக் கடகடவென்று பெயர் சொன்ன ஒரு சிறுமியிடம் பாட்டி வடை சுட்ட கதையைக் கேட்டேன். "காக்கா வடைய எடுத்துச்சு. நரி வந்துச்சு. வடை கீழ விழுந்துச்சு." அவ்வளவுதான். காக்கா ஏன் வாயைத் திறந்தது என்றேன். ரொம்ப நேரம் யோசித்து, "பசிச்சுச்சு" என்றாள். வாக்கியங்களில் ஒரு பிழை கிடையாது. நரி பாடச் சொல்லி ஏமாற்றியது மட்டும் கதையிலேயே இல்லை. அதனால் கதை சொல்ல வைத்தும், அடுத்தவர் மனதை ஊகிக்க வைத்தும் பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

"சின்ன வயசுதானே, மூளை தானா சரிக்கட்டிக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் தைரியம் சொல்வார்கள். 1930களில் மார்கரெட் கென்னார்ட் என்ற மூளை ஆய்வாளர், மூளையில் காயம்பட்ட குட்டிக் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தன. ஆனால் அவர் கவனித்தது உடல் அசைவை, கவனத்தையோ மொழியையோ அல்ல. மூளை முழுவதும் குலுங்கும் விபத்துக் காயத்தில் இளம் வயது பல நேரம் பாதகமே. திட்டமிட உதவும் நெற்றிப் பக்க மூளை இன்னும் வளர்ந்து முடியவில்லை பாருங்கள். அந்தக் குறை இப்போது ஒளிந்திருந்து, ஆறாம் வகுப்பில் பாடம் கூடும்போது தலைகாட்டலாம். அப்போது ஐ.க்யூ. டெஸ்ட் மதிப்பெண் இறங்கினால், கற்றது போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். அந்த டெஸ்ட்டில் சம வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் வேகமாக முன்னே போயிருப்பார்கள்.

முதல் வருடம் முடியும்போது ஒருமுறை, அப்புறம் பெரிய வகுப்புக்கு மாறும்போதெல்லாம் பாருங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்துக்கு முந்தைய நோட்டுப் புத்தகங்கள், டீச்சர் கைப்பட எழுதித் தரும் நாலு வரி, மூன்றும் கையில் இருக்கட்டும்.