ஆப் சொன்ன எண்ணும் வந்த படமும்: சில கேள்விகள்

கேள்வி: 24 மி.மீ. குவியத்தூர லென்ஸ், துளை எஃப்/8. ஹைப்பர்ஃபோகல் தூரம் (அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதித் தூரத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக விழும்) 2.4 மீட்டர் என்று போனில் இருக்கும் போட்டோ கணக்கு ஆப் காட்டியது. அங்கேயே ஃபோகஸ் வைத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் தூரத்து மலை மசமசவென்று இருக்கிறதே?

பதில்: முதலில் ஆப்பில் எந்த கேமரா தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். 2.4 என்பது ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கான (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) விடை. உங்களுடையது அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் அதே லென்ஸுக்கு, அதே துளைக்கு 3.6 மீட்டர் வரவேண்டும். ஆப்பை நிறுவிய அன்று இருந்த கேமராவை மாற்றாமலே மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சென்சார் சரியாகத்தான் இருக்கிறதா? அப்படியானால் விஷயம் ‘தெளிவு’ என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு புள்ளி சென்சாரில் 0.03 மி.மீ. அகலத்துக்குள் விழுந்தால் அது தெளிவு என்று ஆப் எடுத்துக்கொள்கிறது. 8-க்கு 10 அங்குல பிரின்டைக் கையில் பிடித்து, சுமார் 25 செ.மீ. தள்ளிப் பார்க்கும் கண்ணுக்காக வைத்த அளவு அது. நீங்கள் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறீர்கள். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.0044 மி.மீ.தான். ஆப் ‘தெளிவு’ என்று விட்டுவிடும் புள்ளி ஏழு பிக்சலுக்கு அப்பிக்கிடக்கும். அதுவும் ஹைப்பர்ஃபோகலில் ஃபோகஸ் வைத்தால் மலை சரியாக அந்த எல்லைக்கோட்டில்தான் விழும். ஜஸ்ட் பாஸ், அவ்வளவுதான்.

அமைப்புகளில் அந்த 0.03-ஐ 0.015 ஆக்கிப் பாருங்கள். தூரம் 4.8 மீட்டராகும், மலை தேறிவிடும். முன்னால் பூவோ பாறையோ இல்லாத காட்சி என்றால் நான் ஆப்பைத் திறப்பதே இல்லை, மலையிலேயே ஃபோகஸ் வைத்துவிடுவேன். ஆப்பின் பழைய கணக்குப்படியே பார்த்தாலும், அதனால் இழப்பது 1.2 மீட்டருக்கும் 2.4 மீட்டருக்கும் இடையில் உள்ளது மட்டும்தான்.

கேள்வி: என்டி ஃபில்டருக்கு (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) ஆப் சொன்ன நேரத்தைத்தான் வைத்தேன். படம் வெள்ளை வெளேரென்று வந்தது. ஏன்?

பதில்: ஃபில்டரின் விளிம்பில் என்ன எழுதியிருக்கிறது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். 0.9 என்று போட்டிருந்த ஃபில்டரை 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) என்று நினைத்துக்கொண்டு ஓர் அருவி முன்னால் நின்றேன். ஃபில்டர் இல்லாமல் 1/30 நொடி. ஆப்பில் 9 என்று தட்டினேன், 17 நொடி என்றது. மூன்று முறை எடுத்தும் வெற்றுத்தாள்தான் வந்தது. உண்மையில் 0.9 என்பது 3 ஸ்டாப். வைத்திருக்க வேண்டியது கால் நொடி!

ஒரே ஃபில்டரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். என்டி 8 என்றாலும் 0.9 என்றாலும் 3 ஸ்டாப். என்டி 64, 1.8 என்பவை 6 ஸ்டாப். என்டி 1000, 3.0 இரண்டும் 10 ஸ்டாப். புள்ளி வைத்த எண்ணாக இருந்தால் 0.3-ஆல் வகுத்தால் ஸ்டாப் கிடைத்துவிடும். அப்புறம் ஆப் எதற்கு? ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நேரம் இரட்டிப்பு. பத்து முறை இரட்டித்தால் 1024 மடங்கு. 1/15 நொடி 68 நொடியாகும். விரலை மடக்கி எண்ணி 64 என்று வைத்தாலும் படத்தில் வித்தியாசம் தெரியாது. சாயங்காலம் எடுக்கிறீர்கள் என்றால் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபில்டரைக் கழற்றி ஒளியை மறுபடி அளந்துவிடுங்கள். ஆப்பில் இருப்பது பத்து நிமிடத்துக்கு முந்தைய வெளிச்சம்.

கேள்வி: நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் படமெடுக்க ஓர் ஆப் 21 நொடி என்கிறது, இன்னொன்று 10 நொடிகூட வேண்டாம் என்கிறது. எதை நம்ப?

பதில்: 21 என்பது ‘500 விதி’. 500-ஐ 24 மி.மீ.-ஆல் வகுத்தது. அதற்கு உங்கள் சென்சாரில் எத்தனை பிக்சல் என்றே தெரியாது. மற்றது என்பிஎஃப் சூத்திரம்: துளை எண்ணை 35-ஆலும், பிக்சல் அகலத்தை மைக்ரானில் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) 30-ஆலும் பெருக்கிக் கூட்டி, குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். எஃப்/2.8-இல், 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமுக்கு ஒன்பதரை நொடி வரும், 24 மெகாபிக்சலுக்கு பதினொன்றரை. பெரிய பிரின்ட் போடுவதாக இருந்தால் என்பிஎஃப் சொல்வதை நம்புங்கள். போனில் மட்டும் பார்க்கப்போகும் படத்துக்கு 15 நொடி வைத்தாலும் குடி முழுகிவிடாது.

இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். போன் திரையை ஒரு தடவை பளிச்சென்று திறந்தால் அத்தனையும் போச்சு.

கேள்வி: என் போன் கேமராவில் 26 மி.மீ., எஃப்/1.8 என்று இருக்கிறது. அதை ஆப்பில் கொடுத்தால் 1 மீட்டரில் நிற்பவருக்கு 93 செ.மீ. முதல் 1.08 மீட்டர் வரைதான் தெளிவு என்கிறது. படத்தில் அப்படி இல்லையே?

பதில்: 26 என்பது ஃபுல் ஃப்ரேமுக்கு ஈடாகச் சொல்லும் எண். எஃப்/1.8 மட்டும் நிஜ எண். ஒன்றை மாற்றிச் சொல்லி மற்றதை மாற்றாமல் விட்டதுதான் குழப்பம். உங்கள் லென்ஸின் நிஜக் குவியத்தூரம் 7 மி.மீ. என்று வையுங்கள் (படத்தின் விவரங்களில் பெரும்பாலும் இருக்கும்). 26-ஐ 7-ஆல் வகுத்தால் 3.7. துளையையும் அதால் பெருக்கினால் எஃப்/6.7. இப்போது ஆப்பில் போட்டுப் பாருங்கள்: 78 செ.மீ. முதல் 1.4 மீட்டர் வரை தெளிவு. உங்கள் படத்தோடு ஒத்துப்போகும். வெளிச்சக் கணக்குக்கு மட்டும் 1.8-ஏ இருக்கட்டும்.

கேள்வி: ஒரு மணி நேர மேக நகர்வை 10 நொடி டைம்லாப்ஸ் ஆக்க, எத்தனை நொடிக்கு ஒரு படம்?

பதில்: நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 250 படம், 14 நொடிக்கு ஒன்று. ஆனால் மேகத்துக்கு அது ரொம்ப இடைவெளி, தத்தித் தத்திப் போகும். 5 நொடி வையுங்கள், வீடியோ 29 நொடி நீளும்.

கேள்வி: 200 மி.மீ. லென்ஸில் நிலா எவ்வளவு பெரிதாக விழும்? அதற்கு ஆப் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் போனில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண கால்குலேட்டரே போதும். குவியத்தூரத்தை 110-ஆல் வகுங்கள். 200 மி.மீ.-க்கு 1.8 மி.மீ. வரும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ., அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. 600 மி.மீ. மாட்டினால் ஐந்தரை மி.மீ. அப்போதும் சட்டத்தின் கால்வாசி உயரத்தைக்கூட நிலா எட்டாது.