முதலில் காற்று, பிறகு பெட்ரோல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் இருக்கிறது. அதில் காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்க இரண்டு எஸ்யூ ஹெச்எஸ்4 கார்புரேட்டர்கள். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்குகிறது. சில சமயம் அணைந்தும் விடுகிறது. கழற்றிப் பார்த்தால் முன்பக்கத்து இரண்டு பிளக்குகள் கரிபிடித்தும் பின்பக்கத்து இரண்டும் வெளுத்தும் இருக்கின்றன. வார இறுதிகளில், பெட்ரோல் வரும் சிறு குழாயான ஜெட்டின் நட்டைத் திருகித் திருகிப் பார்த்து அலுத்துவிட்டது. (வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: பிளக்குகளின் நிறத்தைக் கவனித்து எழுதினீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியின் 1,798 சிசி பி-சீரீஸ் இன்ஜினில் முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே உள்வாயில், அடுத்த இரண்டுக்கும் அப்படியே. ஆகவே முன் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகவும், பின் கார்புரேட்டர் குறைவாகவும் கொடுக்கின்றன என்று கொள்ளலாம். ஆனால் அதற்காக உடனே ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள். கார்புரேட்டரின் மீது விழும் பழியில் பெரும்பகுதி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சேர வேண்டியது. வால்வுகளின் டேப்பெட் இடைவெளி, தீப்பொறி விழும் டைமிங், டிஸ்ட்ரிபியூட்டரின் 0.015 அங்குலப் பாயிண்ட் இடைவெளி, 0.025 அங்குலப் பிளக் இடைவெளி ஆகிய நான்கும் சரியாக இல்லாத இன்ஜினில் கலவையைத் திருத்துவது, சாய்ந்த சுவரில் படத்தை நேராக மாட்ட முயல்வதைப் போன்றது.

அடுத்து, பின் கார்புரேட்டர் எங்கேனும் திருட்டுக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். இத்தனை வயதான எஸ்யூவில், காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்திருப்பது சர்வசாதாரணம். ஸ்பிண்டிலின் நுனியை விரலால் மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தாலே தெரியும். ஆட்டம் இருந்தால் புதிய ஸ்பிண்டிலும் புஷ்ஷும் போடும் வரை எந்த டியூனிங்கும் நிலைக்காது. ஒரு வாரம் தேறி மறுவாரம் கெடும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஸ்பிரே அடித்துச் சோதிக்கும் வழியும் உண்டு, ஆனால் எம்ஜிபியில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்புரேட்டர்களுக்குக் கீழேயே இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி டியூனிங். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏர் கிளீனர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு த்ராட்டில்களையும் இணைக்கும் கம்பியின் கிளாம்புகளைத் தளர்த்துங்கள். இதைத் தளர்த்தாமல் ஒன்றைத் திருத்தினால் மற்றதும் கூடவே நகரும். பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டிலும் காற்று சீறும் ஒலி ஒன்றுபோல் கேட்கும் வரை ஐட்லிங் ஸ்க்ரூக்களைத் திருத்துங்கள். காற்றளவு காட்டும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குழாயும் பழகிய காதும் போதும். இரண்டும் சம அளவில் காற்றை இழுக்காதபோது பெட்ரோலைத் திருத்துவதில் பொருளில்லை. நீங்கள் இத்தனை வாரமாகச் செய்து வந்தது அதுவாகவே இருக்கும்.

காற்று சமமான பிறகே ஜெட்டின் அறுமுக நட்டு. கணக்குத் தவறிப்போனதால் புதிதாகத் தொடங்குங்கள்: ஜெட்டைப் பாலத்தின், அதாவது கார்புரேட்டரின் காற்று வழியில் ஜெட் திறக்கும் மேட்டின், மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகங்கள், கீழே இறக்குங்கள். நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். பிறகு பக்கவாட்டிலுள்ள தூக்கும் ஊசியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைச் (இன்ஜினின் பிஸ்டன் அல்ல) சுமார் 0.8 மில்லிமீட்டர், அதாவது தடித்த நகத்தின் கனம் அளவுக்கு மட்டும், உயர்த்திப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம்; உடனே இறங்கினால் குறைவு; ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. ஒவ்வொரு முறையும் ஒரு முகத்துக்கு மேல் திருப்பாதீர்கள். ஒன்றைத் திருத்தினால் மற்றதும் சற்றுப் பாதிக்கப்படும் என்பதால் இரண்டையும் மாறிமாறி இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டியிருக்கும். கடைசியாக, ஐட்லிங்கை மட்டாக்கிக் கிளாம்புகளை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் காது வைத்துப் பாருங்கள், இறுக்கும்போது கை நழுவுவது எல்லோருக்கும் நேர்வது.

கேள்வி: என் பழைய அம்பாசடரிலும் எஸ்யூ கார்புரேட்டர்தான். ஐட்லிங் அருமையாக இருக்கிறது, ஆனால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் பிக்கப் எடுக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த 1,489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் இன்ஜினும் ஒரே பி-சீரீஸ் குடும்பம் என்பதால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். திணறலுக்கு முதலில், கார்புரேட்டரின் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் தடுக்கும் டேம்பரின் எண்ணெயைப் பாருங்கள். மேல்மூடியைத் திறந்து, பிஸ்டனின் உள்ளீடற்ற தண்டில் எண்ணெய் இருக்கிறதா, 20 கிரேடாக இருக்கிறதா என்று கவனியுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழும்பி, காற்று முந்திக்கொண்டு பெட்ரோல் பின்தங்கிவிடும். எண்ணெய் இருந்தும் திணறினால், இன்ஜினை அணைத்துவிட்டு, டேம்பரைக் கழற்றி வைத்து, பிஸ்டனை உயர்த்திக் கைவிடுங்கள். 'டக்' என்ற உலோக ஒலியோடு விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட்டை மையப்படுத்த வேண்டியிருக்கலாம், அல்லது உள்ளே அழுக்கு இருக்கலாம். துடைக்கும்போது மெல்லிய துணி போதும், உப்புத்தாளைக் கிட்டே கொண்டு வராதீர்கள். பிஸ்டனும் அதன் மேற்கூடும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்ட ஜோடி, வேறொரு கார்புரேட்டரின் கூட்டை எடுத்து மாட்டினால் சரிவராது.