புதுக்குடியிருப்பில் இருந்து கேட்டவருக்கு: தொழிற்பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய உங்கள் தம்பியை வாகனத் திருத்துநர் பயிற்சியில் சேர்க்கத் தனியார் நிலையமொன்று பெருந்தொகை கேட்பதாகவும், அரச செலவில் வழியுண்டா என்றும் எழுதியிருந்தீர்கள்.

வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும், ஜேர்மன் அரசின் உதவியுடன் 2016 இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அரசின் கீழ் இயங்குபவை. ஏ-35 வீதியால் பரந்தனுக்கு வந்து அங்கே பேருந்து மாறி நாள்தோறும் போய்வருவது இலேசான காரியமல்ல என்பதால், விடுதி வசதியையும் உதவிப்பணத்தையும் பற்றி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பலர் இதைக் கேட்காமல் விட்டு, இடையில் நின்றுவிடுகிறார்கள்.

தம்பி ஏற்கெனவே கராஜில் வேலை பழகியிருந்தால், அப்படி முன்பே கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் வழங்கும் முறையும் இருக்கிறது. என் எண்ணத்தில் அவருக்கு இதுவே குறுக்குவழி.

தனியார் நிலையத்தைத்தான் நாடுவதென்றால், அது, பயிற்சி நிலையங்களைப் பதிவுசெய்யும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியுள்ளதா என்பதோடு, குறித்த பாடநெறிக்குத் தனியாக அங்கீகாரம் உண்டா என்பதையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விண்ணப்ப விபரங்களுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.