போஹோ உடை வடிவமைக்க ஆசைப்படும் மகளுக்கு என்ன படிப்பு?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் போஹோ பாணி உடைகளை வடிவமைக்க வேண்டும் என்கிறாள். அதுவும் ஆற்றையும் தொழிலாளியையும் கெடுக்காமல். "இதில் பிழைக்க முடியுமா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் அம்மா. ஆனால் வரைவதில் மட்டும் கெட்டிக்காரியாக இருந்தால் போதாது, துணியும் சாயமும் தெரிந்திருக்க வேண்டும்.

தொளதொள பாவாடை, அச்சுப் பூக்கள், கண்ணாடி வேலை, குஞ்சம் என்று இன்று உலகமெங்கும் விற்கும் போஹோவில் பாதி நம் நாட்டுச் சரக்கு. 1960களில் இங்கே வந்த ஹிப்பிகள் ராஜஸ்தானின் அச்சுப் பருத்தியையும் கட்ச் எம்பிராய்டரியையும் விரும்பி உடுத்தினார்கள். இன்று கடையில் தொங்கும் போஹோ பாவாடைகளில் நிறைய விஸ்கோஸ் ரேயான். மரக்கூழிலிருந்து வருவதால் அதை இயற்கைத் துணி என்று விற்கிறார்கள். அதைத் தயாரிக்கப் பயன்படும் கார்பன் டைசல்பைடு என்ற ரசாயனம் ஆலைத் தொழிலாளிகளின் நரம்பைப் பாதிக்கும். லேபிளைப் பார்த்ததும் 'இதைச் செய்ததில் யாருக்குக் கெடுதல்?' என்ற கேள்வி அவளுக்குத் தோன்ற வேண்டும்.

ஆசை நிஜம்தானா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் ஊறவிடச் சொல்லுங்கள். கஞ்சி நீக்கிய வெள்ளைப் பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்தால் வெளிர் மஞ்சளாகும். அதன்மேல் அந்தத் துருநீரைத் தொட்டுக் கோடு போட்டால் கறுத்துவிடும். ராஜஸ்தானில் பக்ரு ஊரின் அச்சுக்காரர்களும், துணியில் பேனாவால் வரையும் காளஹஸ்தியின் கலம்காரிக்காரர்களும் கறுப்பை இப்படித்தான் எடுக்கிறார்கள். துணி திட்டுத்திட்டாக வந்தால் சலிக்காமல் மறுபடி நனைக்கிறாளா என்று கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

சரி, படிப்பு. மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்டின் நான்கு வருட பி.டெஸ் என்ற வடிவமைப்புப் பட்டப் படிப்பில் எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவரும் சேரலாம்; நுழைவுத் தேர்வு உண்டு. சென்னையில் தரமணியிலேயே வளாகம் இருக்கிறது. ஃபேஷன் டிசைன்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பாள். டெக்ஸ்டைல் டிசைனை முதல் விருப்பமாக வைக்கச் சொல்லுங்கள். நெசவும் சாயமும் அச்சும் அங்கேதான் ஆழமாக வரும். கட்டணம் எட்டாது என்றால் சேலத்தில் மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று வருட டிப்ளமோ. பளபளப்பான பெயர் இல்லாததால் பெற்றோர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வேலை என்றால் திருப்பூரை மறக்காதீர்கள். நொய்யல் மாசுபட்டதால் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவில் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு ஊரே மாற வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபின், வெளிநாட்டு பையர்கள் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றித் துருவிக் கேட்கிறார்கள். அதனால் விதிகளை ஆலை பின்பற்றுகிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கும், கோட்ஸ் (GOTS) போன்ற ஆர்கானிக் துணிச் சான்றிதழ் வேலைக்கும் விவரம் தெரிந்த ஆட்கள் வேண்டும். பையருக்கும் ஆலைக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகவும் சேரலாம். ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த பிராண்ட் பிறகு வரட்டும். படிப்பு முடிந்ததும் நகையை அடகு வைத்து முதல் போடாதீர்கள். இரண்டு மூன்று வருடம் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்து, ஒரு பாவாடைக்குத் துணி, தையல் கூலி, சாயம் என்று தனித்தனியாக விலை போடக் கற்கட்டும். நெசவாளிக்கும் தையல்காரருக்கும் நியாயமான கூலி கொடுத்த பிறகும் கையில் மிஞ்சுமாறு ஒரு உடைக்கு அவளால் விலை சொல்ல முடிகிற அன்று பணத்தைப் பற்றிப் பேசலாம்.